எவர்சில்வர் சட்டியில் வயோலா

மார்ச் 6, வியாழன்

சாம்பல் புதன் கழிந்து முதல் நாள். ஈஸ்டருக்கு முந்தின இந்த நாற்பது நாள் லெந்துக்கு நான் காப்பியை விட்டிருக்கிறேன், என் வீட்டுக்காரர், பெர்சிஸ் அப்பா, மீனை விட்டிருக்கிறார்கள். காலை பத்து மணிக்குள் இரண்டு சண்டை. முதலாவது தேங்காய் மூடியைப் பற்றி. இரண்டாவது எதற்கென்று நினைவில்லை.

பதினொரு மணிக்கு மகள் பெர்சிஸ் சென்னையிலிருந்து பேசினாள். பாங்க் வேலையை விட்டுவிட்டு ஒரு சங்கீதப் பள்ளியில் வயோலா சொல்லிக்கொடுக்கப் போய் ஒரு வருஷம் ஆகிறது. வயோலா என்றால் என்ன என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் “வயலினுக்கு அக்கா, குரல் கொஞ்சம் தடித்தது” என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. நாகர்கோவில் மாப்பிள்ளை வீட்டம்மாவுக்கு மூன்று தடவை சொன்னேன். “சரி, வயலின்” என்று எழுதிக்கொண்டார்கள். ஈஸ்டர் முடிந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள்.

“அம்மா, எங்க பள்ளியில ஆறு பேரு ஒரே பாட்டை வாசிச்சு பதிவு பண்ணிருக்கோம். ஒண்ணைத்தான் அனுப்ப முடியும். நீங்க கேட்டு எதுன்னு சொல்லணும்.”

“எங்க அனுப்ப?”

“பின்லாந்துல ஒரு சங்கீதக் கல்லூரிக்கு. தேறுனா ரெண்டு வருஷம் அங்க படிக்கலாம்.”

“ஏட்டி, எனக்கு என்ன தெரியும்? நான் எந்தக் கல்லூரியில சங்கீதம் படிச்சேன்?”

“நீங்க முப்பத்தோரு வருஷமா சர்ச் கொயர்ல ஆல்டோ பாடுதீங்கல்லா. வயோலாவும் ஆல்டோ மாதிரி அடிக்குரல்தான். பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைசி நேரம். அதுக்கு முன்னால சொல்லுங்க.”

“அந்த ஆறு பேர்ல நீயும் உண்டா?”

“அது ரகசியம்.”

உண்டு என்றுதான் அர்த்தம்.

அட்லஸை எடுத்துப் பின்லாந்தைப் பார்த்தேன். உச்சந்தலையில் இருக்கிறது.

மார்ச் 8, சனி

ஆறு பதிவும் போனில் வந்து இறங்கிவிட்டது. ஒன்று, இரண்டு என்று எண் மட்டும் போட்டிருக்கிறாள். பாட்டு எழுதியவர் பெயரையும் அனுப்பியிருந்தாள். உச்சரிக்க வரவில்லை. இனி இந்த நோட்டில் அவர் “அந்த மனுஷன்”.

போன் சத்தம் போதாது என்று பெரிய எவர்சில்வர் சட்டிக்குள் வைத்துக் கேட்டேன். சட்டி நன்றாக எடுத்துக் கொடுக்கிறது. ஆறு பேருக்கும் இதே சட்டிதான். ஒருவருக்கு எவர்சில்வர், ஒருவருக்கு அலுமினியம் என்று பாரபட்சம் காட்டக் கூடாது.

முதல் பதிவைப் போட்டேன். வாத்தியத்துக்குச் சுதி சேர்க்கிறார்கள் என்று நினைத்து, பாட்டு ஆரம்பிக்கட்டும் என்று பொறுமையாக வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதுதான் பாட்டாம்.

மார்ச் 10, திங்கள்

மறுபடியும் முதல் பதிவு. என் வழக்கப்படி டோ, ரே, மீ என்று சோல்பாவில் எழுதிப் பார்க்கலாம் என்று பென்சிலோடு உட்கார்ந்தேன். எவ்வளவு பெரிய பாட்டானாலும் டோ எங்கே, அதாவது நம்ம ஸ எங்கே என்று பிடித்துவிட்டால் மீதி வந்துவிடும், நான் அப்படித்தான் தானாகக் கற்றுக்கொண்டேன். இதில் டோவையே காணோம். அந்த மனுஷன் டோவை வீட்டில் மறந்து வைத்துவிட்டுக் கிளம்பி வந்துவிட்டார்.

வாத்தியக் குழு வாசிக்க வேண்டிய இடத்தையெல்லாம் பியானோ வாசிக்கிறது. மேலே ஒரு கட்டை மட்டும் ‘டொக்’ என்று கதவு தட்டுகிற மாதிரி விழுகிறது.

“என்ன மேபல், வீட்டுல யாரும் தளவாடத்தை இழுக்காங்களா?” என்று பெர்சிஸ் அப்பா உள்ளே வந்து கேட்டார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

உண்மையை எழுதிவிடுகிறேன். இந்த நோட்டின் வலது பக்கம் கணக்கு, இடது பக்கம் என் ஆத்துமா. இருபத்தாறு வருஷமாக இரண்டிலும் பொய் எழுதியதில்லை.

பெர்சிஸ் வாசித்தது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்து அதை மட்டும் தேர்ந்தெடுக்காமல் விட வேண்டும். இதில் பாவம் எங்கே இருக்கிறது? மீதி ஐந்து பேரும் யாரோ பெற்ற பிள்ளைகள்தானே, அவர்களில் ஒருவர் நன்றாக இருக்கட்டுமே. பெர்சிஸுக்கு இருபத்தெட்டு வயது. பின்லாந்து போனால் முப்பது. நாகர்கோவில் காத்திருக்காது.

கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. சின்னதிலிருந்தே கஷ்டமான இடம் வருவதற்கு ஒரு நொடி முன்னால் பெர்சிஸ் மூக்கை உறிஞ்சுவாள். வாசிக்கும்போது மட்டுமில்லை, பரீட்சைத் தாள் வாங்கும்போதும்தான்.

மார்ச் 12, புதன்

அகப்பட்டாள்! முதல் பதிவு, நான்காவது நிமிஷம். பியானோ நிற்கிறது. ஒரு உறிஞ்சல். அப்புறம் வயோலா மலையேறுகிற மாதிரி ஏறுகிறது. ஸ்தோத்திரம்.

ஒன்று தள்ளுபடி. மீதி ஐந்தை நியாயமாகக் கேட்டு மார்க் போடுவேன்.

மார்ச் 14, வெள்ளி

இரண்டாவது பதிவு. இவன் ஆணாகத்தான் இருக்க வேண்டும். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்து வாசிக்கிறான். எல்லாம் சரி, ஆனால் தன் சத்தத்தைத் தானே ரசித்துக்கொள்கிறான். எங்கள் கொயரில் எமிலி டீச்சர் சோப்ரானோவில் மேல் சுரத்தைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் நிறுத்திய பிறகும் விடாமல் நிற்பார்களே, அந்த ஜாதி. அறுபத்தைந்து மார்க்.

நான்காவது நிமிஷத்தில் இவனும் மூக்கை உறிஞ்சுகிறான். சென்னையில் தூசி அதிகம்.

மார்ச் 17, திங்கள்

மூன்றாவது. இது ஒரு பெண். ஐயோ பாவம், காய்ச்சல்காரி. வில் இழுக்கக் கையில் பலமில்லை. நடுவில் ஒரு இடத்தில் பியானோ முன்னே போய்விட, இவள் பின்னாலேயே பஸ்ஸைத் துரத்துகிற மாதிரி ஓடுகிறாள். இந்த நிலைமையில் இவளை வாசிக்கச் சொன்னது யார்? வீட்டில் ஒரு ரசம் வைத்துக் கொடுக்க ஆளில்லையா? முப்பத்தைந்து மார்க், அதுவும் இரக்கத்துக்காக.

உறிஞ்சல் இங்கேயும் உண்டு. காய்ச்சல் இருப்பதால் இது கணக்கில் சேராது.

மார்ச் 21, வெள்ளி

நான்காவது. இவளை யாரோ நன்றாகத் திட்டியிருக்கிறார்கள். சத்தம் பெரிதாகத்தான் வருகிறது, ஆனால் பதில் சொல்ல முடியாதவள் பாத்திரத்தை நங்கென்று வைக்கிற சத்தம் அது. மெதுவாக வரவேண்டிய இடத்தில் தொண்டை அடைத்துப் போய் நிற்கிறாள். திட்டினது யாராக இருந்தாலும் அவர்களைக் கர்த்தர் மன்னிப்பாராக. பிள்ளைக்காக இன்றைக்கு ஜெபத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். ஐம்பது.

உறிஞ்சல் உண்டு. இந்த வயோலா தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாசிக்கிற சாமான். தலை சாய்ந்தே இருப்பதால் நீர் கோத்துக்கொள்ளும் போல. அந்தப் பள்ளியில் ஒருவருக்காவது நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கத் தெரியாதா?

மார்ச் 22, சனி

நொச்சி விஷயத்தைப் பெர்சிஸ் அப்பாவிடம் சொன்னேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்காமல், “ஆறும் அவளாவே இருந்தா?” என்றார்கள்.

“ஆறு பேருன்னு அவ வாயாலேயே சொல்லிருக்கா.”

“சரி. நீ போட்ட நாலுலயும் அந்த ‘டொக்’ கேக்குதே. நாலு பேரும் ஒரே பியானோவைத் தலையில தூக்கிட்டா அலையுதாங்க?”

“ஒரு பள்ளியில ஒரு பியானோதான் இருக்கும்.”

“மூக்கும் ஒண்ணுதான் இருக்குமோ?”

முப்பது வருஷம் மின்வாரியத்தில் மீட்டர் பார்த்தவர்களுக்குச் சங்கீதம் எப்படித் தெரியும். மதியம் அவர்களுக்குப் பிடிக்காத கத்தரிக்காய் வைத்தேன்.

மார்ச் 25, செவ்வாய்

எண்ணெய் தீர்ந்துவிட்டது. மாதர் சங்கத்துக்குப் பத்து பேருக்குச் சுண்டல்.

மார்ச் 28, வெள்ளி

ஐந்தாவது.

சட்டியைத் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டேன். அப்புறம் இன்னொரு தடவை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, கேட்டு முடித்த பிறகுதான் பார்த்தேன்.

ஒன்றுமே செய்யவில்லை இவள். ஏறுகிற இடத்தில் ஏறுகிறாள், இறங்குகிற இடத்தில் இறங்குகிறாள், பியானோவுக்கு இடம் விட்டு அடியில் நடக்கிறாள். ஆல்டோ பாடுகிறவளுக்குத்தான் அந்த அருமை புரியும். நாங்கள் பாடுகிறபோது யாருக்கும் கேட்காது, நிறுத்தினால்தான் என்னமோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

கடைசியில் ஒரே ஒரு நீளமான சுரம் இருக்கிறது. மற்ற பதிவுகளில் அது விளக்கை அணைத்த மாதிரி முடிகிறது. இவள் வாசிக்கும்போது, வெயிலில் அலைந்தவர்கள் வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி முடிகிறது. பென்சிலை எடுத்து எழுதினேன்: டோ. அந்த மனுஷன் அதை மறந்துவிட்டு வரவில்லை. மடியில் கட்டிக்கொண்டு கடைசி வரை கொண்டுவந்திருக்கிறார்.

தொண்ணூற்றாறு. பாக்கி நாலு மார்க்கை நான் யாருக்கும் கொடுப்பதில்லை.

நான்காவது நிமிஷத்தில் உறிஞ்சினாள். நன்றாகவே கேட்டது.

மார்ச் 29, சனி

ஆறாவதையும் கேட்டேன். எழுபது. உறிஞ்சல் உண்டு.

பெர்சிஸ் அப்பாவுக்கு இன்றைக்கு இரண்டு அப்பளம் கூடுதலாகப் பொரித்தேன். “என்ன விசேஷம்?” என்றார்கள். ஒன்றுமில்லை என்றேன்.

ஏப்ரல் 3, வியாழன்

இப்போது எந்த எண்ணைச் சொன்னாலும் என் பெண்ணைத்தான் சொல்கிறேன். அவளைத் தள்ளிவிட்டு வேறு யாருக்காவது கொடுக்கலாம் என்றால் வேறு யாரும் இல்லை.

ஆனால் மூன்று இருக்கிறது. காய்ச்சலோடு பஸ்ஸைத் துரத்துகிற மூன்று.

அதை அனுப்பினால் பின்லாந்துக்காரர்கள் பாதியிலேயே எழுந்து போய்விடுவார்கள். அவள் மே மாதம் ஊருக்கு வருவாள். நம்முடைய சபைப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் இடம் காலியாக இருக்கிறதென்று எங்கள் போதகர் அய்யர் போன ஞாயிறுகூட ஆராதனை முடிந்ததும் சொன்னார்கள். நாகர்கோவில் பையன் பொறியாளர், குடிப்பதில்லை, தலைமுடி இருக்கிறது.

இது பொய்யா? ஒரு எண்தானே.

ஏப்ரல் 9, புதன்

நாகர்கோவில் அம்மா பேசினார்கள். “பொண்ணு வயலினைக் கல்யாணத்துக்கப்புறமும் வாசிக்குமா?” என்றார்கள். “வயோலா” என்றேன். “எதுவானாலும் வீட்டுக்குள்ள வாசிச்சா எங்களுக்கு ஒண்ணுமில்ல” என்றார்கள்.

நல்ல மனசு. காப்பி இல்லாததால் எனக்குத்தான் தலை வலித்தது.

ஏப்ரல் 12, சனி

காலை ஒன்பதே காலுக்குப் பெர்சிஸுக்கு அனுப்பினேன்: “மூன்று”.

ஒன்பது பதினெட்டுக்குப் பதில்: “சரிம்மா.”

மூன்று நிமிஷம் எதற்கு எடுத்துக்கொண்டாள்?

ஏப்ரல் 13, குருத்தோலை ஞாயிறு

பவனி நன்றாக நடந்தது. கொயரில் நின்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. சளி இல்லை, தொண்டை வலி இல்லை. மூன்று பாட்டுக்கும் வாயை மட்டும் அசைத்தேன்.

ஆராதனை முடிந்ததும் அய்யர் வந்து, “மேபலம்மா, இன்னைக்கு பாட்டுல என்னமோ ஒண்ணு குறைஞ்சுது. மின்விசிறி சத்தம் தனியா கேட்டுது” என்றார்கள்.

“வழக்கம்போலதானே பாடுனோம் அய்யா, நான் மேல பிடிச்சது கேக்கலியா?” என்றார்கள் எமிலி டீச்சர்.

“டீச்சர், உங்க சத்தம் கேட்டுது. அது வெளியே ரோட்டுக்கும் கேட்டிருக்கும்” என்றார்கள் அய்யர்.

வேறு ஒரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்

பெர்சிஸிடமிருந்து போன் இல்லை. நானும் பேசவில்லை. அவளும் “அனுப்பிட்டேன்” என்று சொல்லவில்லை, நானும் “அனுப்பிட்டியா” என்று கேட்கவில்லை.

மூன்றாவது பதிவை மறுபடியும் கேட்டேன். ஒருவேளை நான் நினைத்ததைவிட நன்றாக இருக்கிறதோ என்று பார்த்தேன். இல்லை.

ஏப்ரல் 16, புதன்

நாளை சாயங்காலம் பெரிய வியாழன் திருவிருந்து, அப்பமும் திராட்சரசமும் வாங்க வேண்டும். இன்றைக்கு அதற்கான ஆயத்த ஆராதனை. அவரவர் மனசாட்சியை அவரவர் சோதித்துக்கொள்ளுங்கள், யாரோடாவது சரிசெய்ய வேண்டியது இருந்தால் சரிசெய்துவிட்டுப் பந்திக்கு வாருங்கள் என்று அய்யர் சொல்லி, ஐந்து நிமிஷம் மௌனமாக இருக்கச் சொன்னார்கள். வருஷா வருஷம் அந்த ஐந்து நிமிஷத்தில் எனக்கு எமிலி டீச்சர்தான் நினைவுக்கு வருவார்கள். இந்தத் தடவை ‘டொக்’ என்று கேட்டது.

வீட்டுக்கு வரும் வழியில் பெர்சிஸ் அப்பா, “எனக்கும் ஒண்ணு சரிசெய்யணும்” என்றார்கள். என்ன என்றேன். “போன புதன் கிழமை ஒரு வஞ்சிரத் துண்டு. உன் தம்பி வீட்டுல. தட்ட முடியல.”

முதலில் அவர்கள் சொல்லிவிட்டதால் எனக்கும் சொல்ல எளிதாக இருந்தது. நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“நீ மூணுன்னு சொன்னியா?” என்றார்கள். “அஞ்சுதானே நல்லாருந்தது. பால் பொங்குனது அஞ்சுலதானே?”

மீட்டர் பார்த்தவர்கள்.

ஏப்ரல் 17, பெரிய வியாழன்

காலை ஆறரைக்கே பேசினேன்.

“பெர்சிஸ், மூணு இல்லட்டி. அஞ்சு. நான் வேணும்னே மாத்திச் சொன்னேன். நீ போயிருவேன்னு பயந்து சொன்னேன். அனுப்பிட்டியா? அனுப்பிருந்தா நான் அந்தக் கல்லூரிக்கு இங்கிலீஷ்ல மன்னிப்புக் கடிதம் எழுதுதேன், அப்பா திருத்திக் கொடுப்பாங்க.”

அந்தப் பக்கம் ஒரு உறிஞ்சல். அப்புறம் சிரிப்பு.

“அனுப்பலம்மா.”

“ஏன்?”

“மூணுதான் மோசம்னு எனக்கே தெரியும். அன்னைக்கு நூத்தி ரெண்டு காய்ச்சல். மீதி அஞ்சுல எதுன்னுதான் தெரியல. கேட்டுக் கேட்டுக் காது மரத்துப் போச்சு. நீங்க மூணுன்னு அனுப்புனதும் ரெண்டு விஷயம் புரிஞ்சுது. ஆறும் நான்தான்னு கண்டுபிடிச்சிட்டீங்க. ஆறுல அடிமட்டம் எதுன்னு கரெக்டா எடுக்கத் தெரியுது, அப்ப உச்சாணி எதுன்னும் உங்களுக்குத் தெரியும். சொல்லுவீங்கன்னு காத்திருந்தேன்.”

“சொல்லாமலே விட்டிருந்தா?”

“கடைசி நேரம் வெள்ளிக்கிழமைல்லா. வியாழக்கிழமை உங்களுக்குத் திருவிருந்து. மனசுல இதை வெச்சிக்கிட்டு நீங்க எப்படிப் போவீங்க?”

பெற்ற பிள்ளை என்னைக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

“ஏட்டி, நீ மட்டும் என்ன? ஆறு பேருன்னு லெந்துல பொய் சொல்லலியா?”

“சொன்னேன். நான்தான்னு சொல்லிருந்தா ஆறுக்கும் நூறு போட்டிருப்பீங்க. இல்லைன்னா ஆறுக்கும் சைபர் போட்டிருப்பீங்க. அதான்.”

மார்க்கையெல்லாம் வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்தேன். வயிறாரச் சாப்பிட்டவன் என்றதும், “அன்னைக்கு எங்க பள்ளியில பிரியாணிம்மா” என்று கத்தினாள். நாலாவதை வாசித்தேன். யாரோ நன்றாகத் திட்டியிருக்கிறார்கள் என்றேன். சிரிப்பு நின்றுவிட்டது.

“அது நீங்க நாகர்கோவில் விஷயமா போன்ல சத்தம் போட்ட மறுநாள்” என்றாள்.

திட்டினது யாராக இருந்தாலும் அவர்களைக் கர்த்தர் மன்னிப்பாராக என்று அடுத்த வரியில் எழுதியிருக்கிறேன். அதையும் வாசித்தேன். வாசிக்காமல் விட்டிருக்கலாம். இன்றைக்கு வேண்டாம் என்று தோன்றியது.

“மன்னிச்சாச்சும்மா” என்றாள்.

“அஞ்சு அன்னைக்கு என்னட்டி நடந்தது?”

“ஒண்ணும் நடக்கல. சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை. பிப்ரவரி பதினொண்ணு.”

போனை வைத்துவிட்டு வலது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிப்ரவரி பதினொன்று: முருங்கைக்கீரை ஒரு கட்டு, தயிர், எலுமிச்சை மூன்று. எனக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

சாயங்காலம் கொயரில் எனக்கு ஆல்டோ வந்தது.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனை. வீட்டுக்கு வந்து பார்த்தால் செய்தி: “அஞ்சை அனுப்பிட்டேன்.”

“சரி” என்று பதில் போட மூன்று நிமிஷம் ஆயிற்று.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

காப்பி. இரண்டு தம்ளர். மீன் குழம்பு அந்தச் சட்டியிலேயே வைத்தேன்.

ஜூன் 14, சனி

கிடைத்துவிட்டது. ஆகஸ்ட் பதினெட்டு கிளம்புகிறாள். பெர்சிஸ் அப்பா தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தார்கள். அட்லஸையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பெண் பார்க்கிறதைத் தள்ளிப் போட்டிருந்த நாகர்கோவிலுக்கு நானே பேசினேன். “அப்ப வயலின் மேற்படிப்பா?” என்றார்கள். “வயோலா” என்றேன். இனிமேல் அவர்களிடம் சொல்ல வேண்டிய வேலை இல்லை.

ஜூலை 26, சனி

பெர்சிஸ் வந்திருக்கிறாள். வீடெல்லாம் பெட்டி. காலையும் மாலையும் அந்த மனுஷனுடைய பாட்டு. அப்பாவுக்கு இப்போது நான்காவது நிமிஷம் எப்போது வரும் என்றுகூடத் தெரிகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முருங்கைக்கீரை ஒரு கட்டு.

மொட்டை மாடியில் நொச்சி இலை நிழலில் காயப்போட்டது நன்றாகக் காய்ந்துவிட்டது. பின்லாந்தில் ஆறு மாதம் பனியாம், ஆவி பிடிக்காமல் முடியாது. பொட்டலம் கட்ட உட்கார்ந்தபோது ஒரு யோசனை வந்தது. சளி முழுக்கத் தீர்ந்து போய்விட்டால், அப்புறம் அங்கிருந்து வருகிற பதிவைச் சட்டியில் போட்டுக் கேட்கும்போது, வாசிக்கிறது யாரென்று எனக்கு எப்படித் தெரியும்?

பாதி இலையை மட்டும் கட்டினேன்.